உமிச்சாம்பலிலிருந்து ஏரோஜெல்: அந்த நீலமும் தெளிவும் எங்கிருந்து வருகின்றன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்லியில் ஒரு பொருளறிவியல் ஆய்வகத்தில் தொழில்நுட்ப உதவியாளராக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். அப்பா நெல் மில்லில் கணக்கு எழுதியவர். ஹரியானாவின் கர்னால் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்து உமி வாங்கி, எரித்து, அந்தச் சாம்பலிலிருந்து சிலிக்கா ஏரோஜெல் செய்வதுதான் என் அன்றாட வேலை. ஆர்.கே.புரத்திலும் மயூர் விஹாரிலும் இருக்கும் நம்மூர்க்காரர்கள், அவர்கள் வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகள், ஊரிலிருந்து போன் போடும் சித்தப்பா வரை எல்லாரும் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். அவற்றில் பாதி ஒரே கேள்விதான்: “ஏன் ஒண்ணு கண்ணாடி மாதிரி இருக்கு, இன்னொண்ணு சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருக்கு?” அதனால் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஏரோஜெல் என்றால் என்ன?

நோன்புக் காலத்தில் செய்யும் கடல்பாசியை நினைத்துக்கொள்ளுங்கள். பார்க்க முழுக்கத் தண்ணீர்; அந்தத் தண்ணீரை நிற்க வைத்திருப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு வலை. அந்த வலை சிலிக்காவால் (மணலில் இருக்கும் அதே பொருள்) ஆனதாக இருந்து, உள்ளே இருக்கும் ஈரத்தை மட்டும் வெளியே எடுத்து, வலை சரியாமல் காற்றை உள்ளே விட்டுவிட்டால் கிடைப்பது சிலிக்கா ஏரோஜெல். ஒரு கன சென்டிமீட்டர் 0.1 கிராம் எடையுள்ள சாதாரணத் துண்டில்கூட 95 சதவீத இடம் காற்றுதான்.

இதை முதலில் செய்தவர் அமெரிக்க வேதியியலாளர் சாமுவேல் கிஸ்ட்லர். 1931-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட மூலப்பொருள் சோடியம் சிலிகேட். உமிச்சாம்பலிலிருந்து நாங்கள் எடுப்பதும் அதே சோடியம் சிலிகேட்தான்.

உமியில் சிலிக்கா எப்படி வந்தது?

நெற்பயிர் மண்ணிலிருந்து தண்ணீரோடு சேர்த்துக் கரைந்த சிலிக்காவையும் உறிஞ்சுகிறது. இலை ஓரத்திலும் உமியின் வெளித்தோலிலும் அதைச் சேர்த்து வைக்கிறது. நாற்று பறித்தவர்களுக்கும் கதிர் அறுத்தவர்களுக்கும் கையில் கீறல் விழுவது அதனால்தான். பாட்டி காலத்தில் உமிக்கரியால் பல் தேய்த்தபோது அந்த நறநறப்பைத் தந்ததும் அதுவே.

ஒரு கிலோ நெல்லில் ஏறத்தாழ 200 கிராம் உமி. அதை முழுக்க எரித்தால் சுமார் 40 கிராம் சாம்பல். அதில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா என்று வையுங்கள், 36 கிராம். எதுவும் வீணாகாமல் அத்தனையும் ஏரோஜெல்லாக மாறினால் 360 மில்லி, பெரிய டம்ளர் ஒன்று நிறைய. நடைமுறையில் இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். ஆனாலும் ஒரு கிலோ நெல்லுக்குள் இவ்வளவு இருக்கிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

மில் கொதிகலனிலிருந்து அள்ளி வந்த சாம்பல் போதாதா? அதுதானே இலவசமாகக் கிடைக்கிறது?

கிடைக்கும். கர்னாலிலிருந்து டெல்லி வரும் வழியெல்லாம் குவிந்து கிடக்கிறது. ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொண்டு தெளிவான ஏரோஜெல் செய்யப் போனால், உமி குத்திக் கை சலித்த கதைதான்.

உமியைக் குவித்துப் பற்றவைத்தால் அது பகபகவென எரியாது. நீறு பூத்த நெருப்பாக உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். ஆறிய பிறகு குவியலை வெட்டிப் பாருங்கள். வெளியே சாம்பல் நிறம், நடுவில் கன்னங்கரேல். அந்தக் கறுப்பு, காற்று படாமல் தங்கிப்போன கரி. “இன்னும் கொஞ்சம் சூடேற்றினால் கரி எரிந்துவிடாதா?” என்று கேட்பார்கள். எரியாது. உமியில் பொட்டாசியம் இருக்கிறது. சூடு ஏறும்போது அது சிலிக்காவோடு சேர்ந்து உருகி, கரித் துகளைக் கண்ணாடி போல மூடிவிடும். உள்ளே மாட்டிய கரிக்குக் காற்று கிடைக்காது. இன்னும் சூடேற்றினால் வேறு தொல்லை: சுமார் 700, 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது ஒழுங்கற்ற அமைப்பில் இருந்த சிலிக்கா, கிறிஸ்டோபலைட் என்ற படிகமாக மாறத் தொடங்கும். அடுத்த படியில் சாம்பலைக் காரத்தில் கரைக்க வேண்டும்; படிகமானது அதில் லேசில் கரையாது. அதன் தூசி நுரையீரலுக்கும் கேடு.

எனவே நெருப்பு வைப்பதற்கு முன்பே கழுவ வேண்டும். உமியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, நன்றாக அலசி, காயவைத்து, பிறகு 600 டிகிரியில் சில மணி நேரம் மின் உலையில் வைத்தால் வெள்ளைச் சாம்பல் வரும். பொட்டாசியமும் கொஞ்சம் இரும்பும் அமிலத்தோடு போய்விடும். பார்ப்பதற்கு உமியின் வடிவம் அப்படியே இருக்கும். படகு போன்ற ஒவ்வொரு தோலும் வெள்ளை வெளேரென்று நிற்கும். விரலால் தொட்டால் திருநீறு போல உதிரும்.

ஒன்றை நினைவில் வையுங்கள்: வெள்ளையாக இருப்பதெல்லாம் நல்ல சாம்பல் ஆகிவிடாது. மிதமிஞ்சிய சூட்டில் படிகமான சாம்பலும் வெள்ளைதான். எக்ஸ்ரே விளிம்புவிளைவுப் படத்தில் (சாம்பலில் பட்ட கதிர் எந்தக் கோணத்தில் சிதறுகிறது என்று காட்டும் வரைபடம்) 22 டிகிரி கோணத்தின் அருகே அகலமான மேடு தெரிந்தால் சரி. ஊசி போல முனை தெரிந்தால் அந்தச் சாம்பலை ஒதுக்கிவிடுகிறோம்.

சாம்பலிலிருந்து ஜெல் வரை என்ன நடக்கிறது?

10 கிராம் சாம்பலுக்கு ஒரு நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் 60 மில்லி என்ற கணக்கில் ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து வடிகட்டினால், சிலிக்கா கரைந்து சோடியம் சிலிகேட்டாக இறங்கும். கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். பச்சைத் தண்ணீர் போல இருக்க வேண்டும். கட்டஞ்சாயா நிறம் தெரிந்தால் சாம்பல் சரியாக வேகவில்லை. மேலே போகாமல் சாம்பலுக்கே திரும்புங்கள்.

அடுத்தது சோடியத்தை வெளியேற்றுவது. அயனிப் பரிமாற்ற ரெசின் நிரப்பிய குழாய் வழியே கரைசலை விட்டால் சோடியத்தை ரெசின் பிடித்துக்கொள்ளும். மறுமுனையில் சிலிசிக் அமிலம் சொட்டும். அதில் நீர்த்த அம்மோனியாவைத் துளித்துளியாகச் சேர்த்து அமிலத்தன்மையை மெல்லக் குறைத்தால் சில நிமிடங்களில் உறைந்துவிடும். உறைந்த ஜெல்லை ஒரு நாள் 50 டிகிரியில் ஊற விடுகிறோம். இளம் ஜெல்லின் வலை பிஞ்சு மாதிரி. ஊறும்போது துகள்கள் ஒட்டிய கழுத்துகள் தடித்து உறுதிப்படும்.

அப்படியே வெயிலில் காயவைத்தால் என்ன? வடாம் காய்வதில்லையா?

வடாமும் சுருங்கித்தானே காய்கிறது! ஜெல்லின் துளைகள் சில பத்து நானோமீட்டர்தான். பத்து நானோமீட்டர் ஆரமுள்ள துளையில் தண்ணீர் பின்வாங்கும்போது அதன் பரப்பு இழுவிசை சுவரை உள்ளே இழுக்கும் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 140 மடங்கு. பிஞ்சு வலை என்ன செய்யும்? நொறுங்கிச் சுருண்டு, புதுச் செருப்புப் பெட்டியில் போடும் சிலிக்கா ஜெல் மணி மாதிரி ஆகிவிடும்.

இதைத் தவிர்க்க இரண்டு வழி. ஒன்று, திரவம் வாயு என்ற எல்லையே இல்லாத நிலைக்குக் கொண்டுபோய் உலர்த்துவது. கிஸ்ட்லர் வழி அதுதான். ஜெல்லில் தண்ணீருக்குப் பதிலாக நிரப்பும் ஆல்கஹாலை அந்த நிலைக்குக் கொண்டுபோக 240 டிகிரி வேண்டும். அழுத்தத்தோடு சேர்ந்தால் அது வெடிமருந்துக்குச் சமம். 1984-இல் ஸ்வீடனில் ஓர் ஏரோஜெல் ஆலையில் மெத்தனால் கசிந்து வெடித்தது. கார்பன் டை ஆக்சைடுக்கு 31 டிகிரியும் 74 பார் அழுத்தமும் போதும். அதனால் இப்போது பெரும்பாலும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இன்னொன்று, சாதாரண அழுத்தத்திலேயே உலர்த்துவது. 1990-களில் அமெரிக்காவில் பிரிங்கர் குழுவினர் காட்டிய வழி. நம் நாட்டில் கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் வெங்கடேஸ்வர ராவ் குழுவினர் இதில் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். ஜெல்லில் உள்ள தண்ணீரை ஆல்கஹாலாகவும் பிறகு ஹெக்சேன் என்ற, பெட்ரோல் போன்ற திரவமாகவும் மாற்றி, டிரைமெதில்குளோரோசிலேன் என்ற பொருளால் சிலிக்காச் சுவருக்கு மெதில் மேலாடை போர்த்துகிறோம். ஹெக்சேனின் இழுவிசை தண்ணீரில் நாலில் ஒரு பங்கு. அப்படியும் உலரும்போது ஜெல் சுருங்கும். ஆனால் மேலாடை இருப்பதால் சுவரும் சுவரும் ஒட்டிக்கொள்ளாது. ஈரம் போனதும், பிழிந்துவிட்ட பஞ்சு போல மறுபடி விரியும்.

ஏன் நீலமாகத் தெரிகிறது? சாயம் ஏதும் போடுகிறீர்களா?

ஒரு துளி சாயமும் இல்லை. வானம் நீலமாக இருப்பதற்கு என்ன காரணமோ அதே காரணம். வலையின் துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை. அவை சிவப்பைவிட நீலத்தைப் பல மடங்கு சிதறடிக்கும். கறுப்புத் துணியில் வைத்துப் பார்த்தால் சிதறி வந்த நீலம் கண்ணுக்குத் தெரியும். அதே துண்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் நீலத்தை இழந்து வரும் வெளிச்சம் தெரியும். அது அந்தி நேரத்து மஞ்சள். வெள்ளைத் தாளில் அதன் நிழலும் லேசான பழுப்பாகத்தான் விழும்.

என்னுடையது நீலமும் இல்லை, தெளிவும் இல்லை. பால் மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு?

எல்லாரும் உலர்த்திய முறையைத்தான் குறை சொல்வார்கள். என் அனுபவத்தில் பாதித் தவறு அதற்கு வெகு முன்பே நடந்திருக்கும். கடைசியில் பூசிச் சரிசெய்யக்கூடியது இல்லை இந்தத் தெளிவு. அடுப்பு மூட்டுவதற்கு முன் உமியை அலசும்போதே அது தொடங்கிவிடுகிறது.

அடிப்படை இதுதான்: உள்ளே இருக்கும் எதுவும் ஒளியின் அலைநீளம் அளவுக்குப் பெரிதாகிவிடக் கூடாது. பெரிதானால் எல்லா நிறமும் சமமாகச் சிதறும். மேகம் மாதிரி வெள்ளையாகத் தெரியும்.

முதல் சந்தேகம் சோடியம் மேல் போகட்டும். ரெசின் சோர்ந்துபோன பிறகும் கரைசலை விட்டுக்கொண்டிருந்தால் சோடியம் உள்ளே தங்கி, உலரும்போது உப்பாகப் பூக்கும். இரண்டாவது, கழுவும் தண்ணீர். டெல்லி ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு எப்படி என்று இங்கே கெய்சர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு வாரம் எங்கள் வாலைவடி நீர் இயந்திரம் பழுதானது. ‘அலசத்தானே’ என்று குழாய்த் தண்ணீரையே பிடித்தேன். அந்த வாரத்துத் துண்டுகள் எல்லாம் பனிமூட்டம் பிடித்த கண்ணாடி மாதிரி வந்தன. மறு வாரம், வேறெதையும் மாற்றாமல், தண்ணீரை மட்டும் மாற்றினோம், மூட்டம் விலகியது.

மூன்றாவது, அம்மோனியா. அவசரத்தில் சளக்கென்று ஊற்றினால் விழுந்த இடத்தில் மட்டும் உடனே திரிந்து, வெள்ளைத் திப்பி மிதக்கும். பாலில் எலுமிச்சை பிழிந்தால் போலத்தான். நன்றாகக் கலக்கிக்கொண்டே, நீர்த்த அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நான்காவது, தண்ணீர் முழுதாக வெளியேறும் முன்பே மேலாடை போர்த்தும் திரவத்தை விடுவது. அது மிச்சத் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகும். மேலாடை அங்கங்கே விட்டுப்போகும். அந்த இடம் சுருங்கி விரிசல் விடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நாள், மூன்று நான்கு முறை. இதைக் குறைக்க வழி தேடாதவர் யாருமில்லை; குறைத்து நல்ல துண்டு எடுத்தவரை நான் பார்த்ததில்லை.

உலர்த்தும்போது நடுவில் திடீரென்று வெள்ளையாகிவிட்டது. எடுத்துக் கொட்டிவிடலாமா?

கொட்டாதீர்கள்! முதல் வருடம் நான் செய்த தவறு இது. காலையில் கண்ணாடி போல இருந்த துண்டுகள் மதியம் சுண்ணாம்பாக நின்றன. கெட்டுப்போச்சு என்று தட்டைக் கவிழ்க்கப் போனேன். கூட வேலை பார்த்த பெண் கையைப் பிடித்தாள்: “அக்கா, இந்த ஒண்ணையாவது விட்டு வைங்க. சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம்.” மற்றவை குப்பைக்குப் போயின. ஐந்து மணிக்கு உலைக் கண்ணாடி வழியே பார்த்தபோது, மிஞ்சிய அந்தத் துண்டின் ஓரத்தில் நகக்கண் அகலத்துக்கு ஒரு தெளிவு. அது உள்நோக்கி நகர்ந்தது. ராத்திரி கிளம்பும்போது நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும்தான். மறுநாள் காலை அதுவும் இல்லை. அடியில் வைத்திருந்த சீட்டில் பென்சிலால் எழுதிய தேதி படிக்க முடிந்தது.

துளைகளில் பாதி திரவமும் பாதி ஆவியுமாக இருக்கும் நேரம் அது. நுரை வெள்ளையாகத் தெரிவது போலத்தான் இதுவும். திரவம் முழுக்கப் போய், சுருங்கியது விரிந்ததும் மறுபடி தெளியும்.

மஞ்சள் சாயல் வருகிறதே?

ஜன்னலுக்கு எதிரே வைத்தால் மட்டும் என்றால் அது இயல்பு. கறுப்புத் துணியிலும் மஞ்சளாகவே தெரிந்தால், பெரும்பாலும் இரும்பு மிச்சமிருக்கிறது, இல்லையென்றால் சாம்பலில் எரியாத கரிமப் பொருள். இரண்டுக்கும் மருந்து அமிலக் கழுவல்தான்.

விரும்பிய நிறம் கொண்டுவரலாமா? படம் வரையலாமா?

இரண்டும் முடியும். உறைவதற்கு முன் தாமிர உப்பைச் சேர்த்தால் நீலப்பச்சை வரும். சாதாரணச் சாயத்தைச் சேர்த்தால் ஒவ்வொரு ஆல்கஹால் மாற்றத்திலும் சாயம் கழன்று போகும். புதுப் பட்டுப்பாவாடை முதல் அலசலில் சாயம் விடுவது போல. சிலிக்காவோடு வேதிப் பிணைப்பு கொள்ளும் சாயமாக இருந்தால்தான் தங்கும். மேலாடை போர்த்தும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளியாகும். அமிலத்தில் நிறம் மாறும் சாயங்களையும் தவிர்க்க வேண்டும்.

கோலம் போட ஊசியோ பேனாவோ உதவாது, அழுத்தினால் நொறுங்கிவிடும். லேசர்தான் வழி. நியூயார்க் மாநிலத்தில் யூனியன் கல்லூரியில் ஆண்டர்சன், கேரல் குழுவினர் லேசரால் ஏரோஜெல் மேல் எழுத்தும் வடிவங்களும் பொறித்துக் காட்டியிருக்கிறார்கள். கார்பன் டை ஆக்சைடு லேசரின் கதிரைச் சிலிக்கா நன்றாக உறிஞ்சும். தொட்ட இடம் உருகி வெள்ளைக் கோடாக நிற்கும். கிரேக்கக் கலைஞர் மிகலூடிஸ் ஏரோஜெல்லிலேயே சிற்பங்கள் செய்கிறார். நாங்கள் ஒரு மார்கழியில் ஐந்து புள்ளிக் கோலம் ஒன்றைப் பொறித்தோம். நீலப் புகை மேல் மாவு இழுத்த மாதிரி இருந்தது. லேசரின் வேகத்தைக் குறைத்த ஒரு மூலையில் மட்டும் விரிசல் விட்டது.

தெளிவாக இருந்தால்தான் தரமா?

வேலையைப் பொறுத்தது. நாசாவின் ‘ஸ்டார்டஸ்ட்’ விண்கலம் வைல்ட்-2 வால்மீனின் தூசியை ஏரோஜெல்லில் பிடித்து 2006-இல் பூமிக்குக் கொண்டுவந்தது. தூசி துளைத்த தடத்தைப் பார்த்துத்தான் துகளைத் தேடி எடுக்க வேண்டும். அங்கே தெளிவு உயிர்நாடி. வெளிச்சம் விட்டு வெப்பம் தடுக்கும் ஜன்னலுக்கும் அப்படியே.

வெப்பம் தடுக்கக் கூரைக்கடியில் திணிக்கும் ஏரோஜெல் குருணைக்குத் தெளிவு எதற்கு? காற்று மூலக்கூறு ஒன்று இன்னொன்றின் மேல் மோதாமல் சுமார் 70 நானோமீட்டர் ஓடும். ஏரோஜெல்லின் துளை அதைவிடச் சிறியது. சுவரில் முட்டிக்கொண்டே இருப்பதால் வெப்பத்தைக் கடத்த முடிவதில்லை. அசையாத காற்றைவிடவும் இது குறைவாக வெப்பம் கடத்தும். இந்தக் குணம் வெள்ளைக் குருணையிலும் இருக்கிறது. மே மாதத்தில் தகரக் கூரைக்கடியில் தூங்குகிறவர்களுக்கு அந்த வெள்ளைக் குருணை மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. கண்ணாடித் துண்டு செய்வதில் நாங்கள் செலவிடும் நேரம் சில சமயம் உறுத்துகிறது.

பராலி எரிப்புக்கு இது தீர்வாகுமா?

அக்டோபர், நவம்பரில் தொண்டை எரியும்போது எல்லாரும் கேட்பது. இங்கே வைக்கோல் தாளைப் பராலி என்பார்கள். பஞ்சாபில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன். ஏரோஜெல்லின் தேவை அதன் ஓரத்தைக்கூடத் தொடாது. வைக்கோலிலும் சிலிக்கா உண்டு. ஆனால் பொட்டாசியமும் மண்ணும் அதிகம், கழுவல் இன்னும் கடினம். உமி ஆலையிலேயே ஒரே இடத்தில் குவிகிறது. வைக்கோலை வயல்வயலாகப் போய்க் கட்ட வேண்டும். மேற்கு உத்தரப்பிரதேசக் கரும்பு ஆலைகளின் சக்கைச் சாம்பலிலும் செய்யலாம். அதில் மணல் கலப்பு தொல்லை.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

வேண்டாம். கொதிக்கும் காரம், தீப்பற்றும் ஹெக்சேன், ஈரம் பட்டதும் அமிலப் புகை விடும், மேலாடை போர்த்தும் அந்தச் சிலேன். டெல்லியின் ரசாயனச் சந்தையான திலக் பஜாரில் பாட்டில் கிடைக்கிறது என்பதற்காக பால்கனியில் தொடங்கிவிடாதீர்கள்.

பள்ளி, கல்லூரி புராஜெக்டுக்கு ஏதாவது வழி?

ஆசிரியர் துணையோடு கல்லூரி ஆய்வகத்தில், ஏரோஜெல்லுக்கு முந்திய படி வரை போகலாம். ஒரே உமியை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பங்கை அமிலத்தில் கழுவுங்கள், மறு பங்கை அப்படியே விடுங்கள். இரண்டையும் ஒரே உலையில் 600 டிகிரியில் எரித்து, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிறகு இரண்டிலிருந்தும் சிலிகேட் எடுத்து வடிகட்டி, கண்ணாடிக் குழாயில் ஊற்றி, வெள்ளைத் தாளுக்கு முன் படம் பிடியுங்கள். நீர்த்த அமிலம் சேர்த்து ஜெல் ஆக்கி, சாதாரணமாக உலர விட்டால் எவ்வளவு சுருங்குகிறது என்று தினமும் ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளலாம். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை, சாம்பலை அள்ளும்போது முகக்கவசம் மூன்றும் கட்டாயம். ஈரத் துணியால் துடையுங்கள். விளக்குமாறு எடுத்தால் தூசி பறக்கும்.